காரைத் தாழ்த்துதல்: ஸ்பிரிங், ஸ்பேசர் வேலையைக் குமரி மாவட்டச் சாலைகளுக்கு ஏற்பச் செய்யும் முறை

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தாழ்த்த விரும்புகிறவர் எந்த ஸ்பிரிங்கை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், எத்தனை மில்லிமீட்டர் தாழ்த்தலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். அந்த அளவைச் சொல்வது, வண்டி நாள்தோறும் ஓடும் சாலை. காவல்கிணறு வழியாகத் திருநெல்வேலிக்குப் போகும் நான்குவழிச் சாலையில் மட்டுமே ஓடும் காருக்கு 30 மி.மீ. பொருந்தலாம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டச் சாலைகளிலும், மேட்டின்மேல் வீடும் அதன் கீழே சாலையுமாக அமைந்த விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் வாசல் சரிவுகளிலும் ஏறி இறங்க வேண்டிய காருக்கு 20 மி.மீ.க்கு மேல் போவதை நான் பரிந்துரைப்பதில்லை.

வேகத்தடையை வைத்து இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறைப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆரமும் உடையது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 2.5 மீட்டர் உள்ள கார் அதன் உச்சியைக் கடக்கும்போது நான்கு சக்கரங்களும் அந்த வளைவின் மேலேயே நிற்பதால், காரின் வயிற்றுப் பகுதிக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளியில் ஏறத்தாழ 4.5 செ.மீ. மட்டுமே குறைகிறது. ஆனால் பஞ்சாயத்துச் சாலைகளில் ஊரார் இரண்டடி அகலத்தில் எழுப்பிவிடும் தடை அதே 10 செ.மீ. உயரம் இருந்தாலும், சக்கரங்கள் இருபுறமும் தரையில் நிற்க, முழு 10 செ.மீ.யையும் எடுத்துக்கொள்கிறது. இந்தப் பக்கத்துத் தாழ்ந்த கார்களின் அடித்தட்டு தேய்வது பெரும்பாலும் இத்தகைய தடைகளில்தான்.

காசு செலவழிக்குமுன் ஒரு சோதனை செய்துவிடலாம். தாழ்த்த நினைக்கும் அளவுக்குச் சமமான கனமுள்ள தெர்மோகோல் துண்டுகளை முன் பம்பரின் அடியிலும், வண்டியின் மிகத் தாழ்ந்த இடத்திலும் (புகைக்குழாய், எஞ்சின் போன்ற சூடேறும் இடங்களைத் தவிர்த்து) ஒட்டிக்கொண்டு, வழக்கமான பயணிகளுடன் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். துண்டு சிதைந்திருந்தால் அந்த அளவு உங்கள் சாலைக்கு ஆகாது.

சட்டத்தையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. எனவே வேலைக்கு முன்பே நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வதும், காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவிப்பதும் நல்லது. களியக்காவிளையைத் தாண்டி அடிக்கடி கேரளத்துக்குப் போகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது காரின் மாடலும் ஆண்டும் மட்டும் போதா. பெட்டியுடன் வரும் சான்றிதழில் குறித்த முன், பின் அச்சுச் சுமை வரம்பு உங்கள் காரின் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பொருந்த வேண்டும். ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற தயாரிப்பாளர்கள் ஒரே மாடலுக்கு இவற்றை வைத்தே வெவ்வேறு பாக எண்கள் தருகிறார்கள். பழைய ஸ்பிரிங்கின் சுருளை வெட்டித் தாழ்த்துவது கூடவே கூடாது. வெட்டிய ஸ்பிரிங் சக்கரம் தொங்கும்போது தன் இருக்கையிலிருந்து நழுவிவிடும். தாழ்த்திய பிறகு ஷாக் அப்சார்பருக்கு உள்ளே போகக் கிடைக்கும் தூரம் குறைகிறது; ஆகவே நிறைய ஓடிய, எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர்மேல் புது ஸ்பிரிங்கைப் போடுவது வீண் செலவு. ஸ்டிரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட், பேரிங், ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய போல்ட்டுகள் ஆகியவற்றையும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சமதரையில், டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, நான்கு சக்கரங்களிலும் ஹப்பின் (சக்கரத்தைப் பூட்டும் நடுப்பகுதி) மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தைக் குறித்துக்கொள்வதிலிருந்து வேலை தொடங்குகிறது. வீல் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, உற்பத்தியாளர் காட்டிய இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டுகளின்மேல் உட்கார வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் எவரும் கை நீட்டக்கூடாது.

ஆடி டிடியைப் போல முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்டிரட் உள்ள கார்களில், பிரேக் குழாயின் பிடிப்பையும் ஏபிஎஸ் ஒயரையும் ஸ்டிரட்டிலிருந்து விடுவித்து, ஆன்டி ரோல் பாரின் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்கை இருபுறமும் கழற்ற வேண்டும்; ஒருபுறம் மட்டும் கழற்றினால் பார் முறுகி மறுபுறத்தை இழுக்கும். பிறகு ஹப்போடு ஸ்டிரட்டைப் பிணைக்கும் போல்ட்டையும் மேலே உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் எடுத்தால் ஸ்டிரட் கைக்கு வரும். ஹப்பை இரண்டு போல்ட்டுகளால் பிடிக்கும் வகை என்றால், அவற்றின் நிலையைப் பெயிண்டால் குறித்த பின்னரே கழற்றுங்கள். கேம்பர் கோணம், அதாவது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், அங்கேதான் அமைகிறது.

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து இருக்கும் கட்டம் அடுத்து வருகிறது. இறுக்கிய ஸ்பிரிங்கில் தேங்கிய விசை பிசகினால் எலும்பை முறிக்கும். ஸ்பிரிங் கம்ப்ரஸரின் இரண்டு பிடிகளையும் நேரெதிரே பொருத்தி, கைக்கருவியால் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மேல் இருக்கை கையால் அசையும் அளவுக்கு ஸ்பிரிங் தளர்ந்த பின்னரே ஸ்டிரட்டின் நடு நட்டைத் தொட வேண்டும். அந்த நட்டை இம்பாக்ட் கன்னால் கழற்றும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது ஷாக் அப்சார்பரின் தண்டைச் சுழற்றிச் சீலைக் கெடுத்துவிடும். தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புவதே முறை. வசதியான கருவியில்லாதவர்கள் ஸ்டிரட்டை மட்டும் கழற்றி, நல்ல ஸ்பிரிங் பிரஸ் உள்ள பட்டறையில் கொடுத்து மாற்றிக்கொள்வதில் குறைவு எதுவுமில்லை. புது ஸ்பிரிங்கை எழுத்து நேராக வாசிக்கும்படி நிறுத்தி, அதன் அடி நுனி கீழ்த்தட்டின் பள்ளத்தில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப்பை (சஸ்பென்ஷன் கடைசிவரை அமுங்கி இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) வெட்டிக் குறைக்கச் சொல்லிக் குறிப்புத் தாளில் இருந்தால் மட்டும், சொன்ன அளவுக்குக் குறைக்கலாம்.

பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக இருந்தால் வேலை எளிது. கீழ் ஆர்மை (சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கை) ஜாக்கியால் தாங்கிக்கொண்டு வெளிப் போல்ட்டை எடுத்து, மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து வெளியே வந்துவிடும்.

பலரும் விட்டுவிடுவது இனி வரும் ஒரு சிறிய வேலையை. கீழ் ஆர்ம்களின் ரப்பர் புஷ்கள் உலோகத்தோடு ஒட்டியவை. சக்கரம் தொங்கும் நிலையில் அவற்றின் போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போது ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து விரைவில் கிழியும். வண்டியின் உயரமும் சரியாகத் தாழாது. எனவே போல்ட்டுகளைத் தளர்வாகப் போட்டு, வண்டியின் எடையைச் சக்கரங்களில் இறக்கிய பின்னரோ, ஜாக்கியால் ஆர்மை அதே உயரத்துக்கு ஏற்றியோ, கார் கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (திருகும் விசையின் அளவு) இறுக்க வேண்டும்.

தாழ்த்திய பிறகு சக்கரங்கள் உள்ளே ஒடுங்கித் தெரிவதால், ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளும் வட்டத் தட்டான ஸ்பேசரைப் போடும் ஆசை வருகிறது. தோற்றத்துக்காக மட்டும் என்றால் முன்பக்கம் 10, பின்பக்கம் 12 முதல் 15 மி.மீ. வரை போதும், அதற்கு மேல் போனால் பேரிங்கின் சுமையும் ஸ்டீயரிங்கின் இழுப்பும் கூடும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் 10 மி.மீ. போட்டால் இரு சக்கரங்களுக்கிடையேயான அகலம் 20 மி.மீ. கூடுகிறது; ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் வரையுள்ள தூரம்) 50 மி.மீ. ஆக இருந்தால் 40 ஆகிறது. வாங்குமுன் போல்ட் வட்டமும் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) ஹப் துளையும் பொருந்த வேண்டும்: இரண்டாம் தலைமுறை முதலான ஆடி டிடியில் 112, 57.1 மி.மீ.; போர்ஷே கார்களில் பெரும்பாலும் 130, 71.6 மி.மீ.; 2015க்குப் பிந்தைய ஃபோர்டு மஸ்டாங்கில் 114.3, 70.5 மி.மீ. ஸ்பேசர் ஹப்பின் விளிம்பில் இறுகப் பொருந்துவதோடு, ரிம்முக்கும் அதே அளவு விளிம்பைத் தர வேண்டும். அந்த விளிம்பில்லாத மெல்லிய தட்டுகளைப் போட்டால் அதிவேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கலாம்.

போல்ட் நீளம் ஸ்பேசரின் கனத்துக்குச் சமமாகக் கூட வேண்டும். எம்14, 1.5 இழை போல்ட்டு ஒன்பது சுற்றுக்குக் குறையாமல் கையால் ஏறினால், அதன் விட்டத்துக்கு ஏறத்தாழச் சமமான பிடிப்புக் கிடைக்கிறது. மிக நீண்டதும் ஆபத்தே. ரிம்மைப் பூட்டிச் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பின்னால் எதுவும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஆடி, ஃபோக்ஸ்வாகன் ரிம்களில் போல்ட் உட்காரும் இடம் உருண்டை வடிவம், பிஎம்டபிள்யூவில் கூம்பு வடிவம். மாற்றிப் போட்டால் டார்க் ரெஞ்ச் சரியென்றே காட்டும், போல்ட்டோ ஓட்டத்தில் தளரும். மஸ்டாங்கைப் போல ஸ்டட்டும் நட்டும் உள்ள கார்களுக்கு நீண்ட ஸ்டட்டோ, தனியாகப் பூட்டும் வகை ஸ்பேசரோ தேவை.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அலுமினிய ஸ்பேசரை இரும்பு ஹப்போடு ஒட்டிப்போகச் செய்யும். பூட்டுமுன் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் துருப்போகத் தேய்த்து, நடு விளிம்பில் மட்டும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவலாம். போல்ட் இழைகளிலும் முகத்திலும் தடவினால் டார்க் கணக்குத் தவறிவிடும். போல்ட்டுகளை நட்சத்திர வரிசையில் இறுக்கி, சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிய பின் மீண்டும் டார்க் ரெஞ்சால் சோதியுங்கள்.

ஸ்பிரிங் படிந்து நிற்க சில நூறு கிலோமீட்டர் ஆகும். வீல் அலைன்மென்ட்டை அதன்பின் ஒருமுறை சரியாகச் செய்துகொள்வதே மேல். ஆனால் அதற்குள்ளேயே ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுத்தாலோ டயர் ஒரு ஓரத்தில் தேய்ந்தாலோ காத்திருக்கக் கூடாது. தாழ்த்துவதால் கேம்பர் எதிர்மறையாகவும் (சக்கரத்தின் தலை உட்புறம் சாய்ந்து), டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறியும் போகிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பக்கக்காற்றில் எந்தக் காரும் சற்று அலையும் என்பதால் அங்கே ஓட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். காற்றில்லாத நேர்ச்சாலையில் பாருங்கள். ஹெட்லைட்டின் உயர உணரி உள்ள காரில் அதை மறுபடி அமைக்க வேண்டும். பிறகு, பின்னிருக்கையில் இருவரை உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பியபடி மெல்ல ஒரு வாசல் சரிவில் ஏறி, மட்கார்டின் உட்புறத்தில் டயர் உரசிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தடம் இருந்தால் அந்தச் சக்கரத்துக்கு இன்னும் மெல்லிய ஸ்பேசரையே போட வேண்டும்.