மாலே–கன் விமானத் தூரமும் பயண நேரமும்: கணக்கிடும் முறை

மாலத்தீவின் தலைநகர் மாலேயை ஒட்டியுள்ள வெலானா விமான நிலையத்திலிருந்து தென்கோடி அட்டு பவளத்தீவுக் கூட்டத்தில் இருக்கும் கன் நிலையத்துக்கு எவ்வளவு தூரம்? இரண்டின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கையில் இருந்தால் ஒரு சாதாரண கால்குலேட்டரே போதும்.

வெலானா: வடக்கு 4.19°, கிழக்கு 73.53°. கன்: தெற்கு 0.69°, கிழக்கு 73.16°.

முதலில் அட்ச வித்தியாசம். நடுவில் நிலநடுக்கோடு ஓடுவதால் இரண்டையும் கூட்ட வேண்டும்: 4.88°. பழக்க தோஷத்தில் கழித்துவிட்டால் 3.50° வரும்; தூரத்தில் 150 கிலோமீட்டருக்கு மேல் காணாமல் போய்விடும். ஒரு பாகைக்கு 60 கடல்மைல் என்பதால் 4.88 × 60 = 292.8. தீர்க்கரேகை வித்தியாசம் 0.37°, அதாவது 22.2 கடல்மைல். (நிலநடுக்கோட்டை விட்டு விலகிய இடங்களில் இதைச் சராசரி அட்சத்தின் கொசைனால் பெருக்குங்கள், இங்கே அது கிட்டத்தட்ட 1.) இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 294 கடல்மைல். 1.852 ஆல் பெருக்க, 544 கி.மீ.

பாகை–கலை–விகலையை (டிகிரி–மினிட்–செகண்ட்) தசமமாக மாற்றும்போதும் கவனம் வேண்டும். கன் 0° 41′ 36″ தெற்கு. இதை 0.41 என்று எழுதிவிட்டால் 30 கி.மீ. பிசகும். 36 விகலை என்பது 0.6 கலை; ஆக 41.6 ஐ 60 ஆல் வகுத்தால்தான் 0.69.

இனி நேரம். ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப் (சுழல்விசிறி) விமானத்துக்கு 270 நாட் வேகம், அதாவது மணிக்கு 270 கடல்மைல் என்று வையுங்கள்: 294 ÷ 270, சுமார் 65 நிமிடம். ஆனால் விமானம் அந்த வேகத்திலேயே முழுத் தூரமும் பறப்பதில்லை. ஏறும்போது மெதுவாகத்தான் போகும், இறங்குமுன் வேகம் குறைக்கும், தரையிலும் ஊர்ந்தாக வேண்டும். வெலானாவின் ஓடுபாதை வடக்கு–தெற்கு, கன்னுடையது கிழக்கு–மேற்கு. வடக்கிலிருந்து வரும் விமானம் திரும்பித்தான் பாதையில் நேராக முடியும். இதற்கெல்லாம் 10 முதல் 15 நிமிடம் சேர்த்து, 75–80 நிமிடம் என்று கணக்கு வைப்பதே சரி. பறக்கும் தூரம் குறையக் குறைய இந்தக் கூடுதல் நிமிடங்களின் பங்கு பெரிதாகும். அதனால்தான் வெறும் தூரத்தை வேகத்தால் வகுத்துச் சொல்லும் நேரம் தீவுகளுக்கிடையே அடிக்கடி பொய்க்கிறது.

எதிர்க்காற்று 20 நாட் என்றால் 5 நிமிடம் கூடும். தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பாதைக்குப் பெரும்பாலும் குறுக்காக வீசுவதால் நேரத்தை அவ்வளவாக மாற்றாது.

டிக்கெட் எடுக்குமுன் நேர்ப் பறப்பா, வழியில் வேறு தீவில் இறங்குமா என்று பாருங்கள். ஒரு நிறுத்தம் இருந்தாலே மேலே போட்ட கணக்கு செல்லாது. இன்னொன்று: பல ரிசார்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை மாலே நேரத்துக்கு ஒரு மணி முன்னே வைத்திருக்கும். டிக்கெட்டில் உள்ளது மாலே நேரம். அறையைக் காலி செய்வதும் படகு பிடிப்பதும் எந்த நேரப்படி என்று வரவேற்பறையில் முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.