ஒரே பெட்டியா, தனித்தனியா? வீட்டு பேட்டரி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஒரே பெட்டிக்குள் வரும் அமைப்பை வாங்குவதா, இரண்டையும் தனித்தனியாக வாங்கி இணைப்பதா? பலர் இந்த முடிவைக் கடைக்காரரிடமே விட்டுவிடுகிறார்கள். அவரிடம் எது இருப்பில் இருக்கிறதோ அது வீட்டுக்கு வந்துவிடுகிறது.

பணத்தை அதிகம் விழுங்கும் தவறு, டியூபுலர் என்ற ஈய-அமில பேட்டரிக்காக வாங்கிய பழைய இன்வெர்ட்டரில் லித்தியம் பேட்டரியை மாட்டுவது. வீடுகளுக்கு வரும் லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலானவை இரும்பு பாஸ்பேட் வகை. அதன் செல் 3.65 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது; நான்கு செல் கொண்ட 12 வோல்ட் பேட்டரிக்கு 14.6 வோல்ட்தான் எல்லை. டியூபுலருக்கான சில சார்ஜர்கள் இடையிடையே 15 வோல்ட்டையும் தாண்டும். அப்போது பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சுற்று சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும்; சில பேட்டரிகளில் முழு இணைப்பையுமே துண்டித்துவிடும். அப்படித் துண்டித்த நேரம் பார்த்து மின்தடை வந்தால், பேட்டரி நிறைந்திருந்தும் வீடு இருண்டு கிடக்கும். திரையில் தெரியும் சார்ஜ் அளவையும் நம்ப முடியாது. லித்தியத்தின் வோல்ட்டேஜ் முக்கால்வாசி தீரும்வரை பெரிதாக இறங்காது. வோல்ட்டேஜை வைத்துக் கணக்கிடும் இன்வெர்ட்டர் ஏமாந்துபோகும்.

ஆகவே தனித்தனியாக வாங்குபவர்கள், தாங்கள் வாங்கும் பேட்டரியின் மாடல் எண் இன்வெர்ட்டர் நிறுவனத்தின் பொருந்தும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பேட்டரியும் இன்வெர்ட்டரும் தகவல் பரிமாறும் கேபிளின் முனை உள்ளே பொருந்தினால் போதாது. ஒரே மாதிரி முனைக்குள் கம்பிகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

அடுத்தது, இணைப்பு வேலையை அலட்சியமாக விடுவது. 51.2 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 கிலோவாட் எடுத்தால் கம்பியில் ஏறக்குறைய 100 ஆம்பியர் ஓடும். உறவினர் வீட்டில் ஒரு முறை மூடியைக் கழற்றிப் பார்த்தேன்: லக் (கம்பியின் நுனியில் இருக்கும் உலோக முனை) மேல் இருந்த சிவப்பு உறை பழுப்பேறிச் சுருங்கியிருந்தது, பிளாஸ்டிக் கருகிய வாடை அடித்தது. இணைப்பு தளர்ந்திருந்ததால் வந்த சூடு அது; ஸ்பேனரை இன்னும் அரைச் சுற்று திருப்பி முறுக்கியிருந்தால் போதும். ஒரே பெட்டி அமைப்பில் இந்த இணைப்புகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகின்றன. நம்பகமான எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இல்லாத வீடுகளுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

ஆனால் ஒரே பெட்டியிலும் கேட்காமல் விடக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: இன்வெர்ட்டர் பலகை பழுதானால் அதை மட்டும் வீட்டிலேயே மாற்ற முடியுமா? செல்கள் நன்றாக இருக்கும்போதே மின்னணுப் பகுதி பழுதாகலாம். முழுப் பெட்டியையும் கழற்றி அனுப்ப வேண்டுமென்றால், திரும்பி வரும்வரை வீட்டில் ஒன்றும் இருக்காது. பின்னாளில் பேட்டரியைக் கூட்டவும் அதே நிறுவனத்தின் பேட்டரியே வேண்டியிருக்கும்.

தனித்தனியாக வாங்கினால் வாரண்டியில் வேறொரு சிக்கல். பழுது என்றதும் இன்வெர்ட்டர்காரர் பேட்டரியைக் கைகாட்டுவார், பேட்டரிக்காரர் இன்வெர்ட்டரைக் கைகாட்டுவார். இரண்டையும் ஒருவரிடமே வாங்கி, ஒரே பில்லில் மாடல் எண்களோடு, "இரண்டும் சேர்ந்து இயங்குவதற்கு நானே பொறுப்பு" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.