வைரஸ் செல்லுக்குள் நுழையும் விதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைரஸின் மேற்பரப்புப் புரதம் சாவி, செல்லின் ஏற்பி பூட்டு, சாவி பொருந்தினால் கதவு திறந்துகொள்ளும். பாடப்புத்தகம் தொடங்கித் தொலைக்காட்சி விவாதம் வரை இந்த விளக்கத்தைத்தான் கேட்கிறோம். சட்டென்று மனத்தில் பதிகிறது, உண்மைதான். ஆனால் இதையே பிடித்துக்கொண்டு மேலே படிப்பவர், மருந்தைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் அடுத்தடுத்துத் தவறான முடிவுகளுக்கே வந்து சேருவார். செல்லின் சவ்வில் வைரஸுக்கென்று கதவு எதுவும் இல்லை. ஏற்பி என்பது செல் தன் சொந்த வேலைக்காக வைத்திருக்கும் மூலக்கூறு. கொரோனா வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ-2, இரத்த அழுத்தத்தைச் சீராக்குவதில் பங்குள்ள ஒரு நொதி. வைரஸ் அதைத் தொட்டுவிட்டதாலேயே அங்கே எதுவும் திறந்துவிடுவதில்லை.

ஆகவே முதலில் கைவிட வேண்டியது, ஒட்டுவதும் நுழைவதும் ஒன்றே என்ற எண்ணம். இதற்கு எச்.ஐ.வி. நல்ல சான்று. அது சிடி-4 என்ற ஏற்பியைப் பற்றுகிறது என்று 1980-களிலேயே தெரிந்துவிட்டது. மனித சிடி-4-ஐ எலியின் செல்களில் உருவாக்கிப் பார்த்தார்கள். வைரஸ் ஒட்டியது, ஆனால் உள்ளே போகவில்லை. என்ன குறைகிறது என்ற கேள்விக்கு 1996-இல்தான் விடை கிடைத்தது: சிசிஆர்-5 அல்லது சிஎக்ஸ்சிஆர்-4 என்ற துணை ஏற்பியும் வேண்டும். சிடி-4-ஐப் பற்றியதும் வைரஸ் புரதம் உருமாறுகிறது, அந்த உருமாற்றத்தால்தான் துணை ஏற்பியைப் பற்றும் இடம் வெளிப்படுகிறது, அதன் பிறகே வைரஸ் சவ்வும் செல் சவ்வும் ஒன்றாகும் இணைவு தொடங்குகிறது.

கடினமான வேலை அந்த இணைவுதான். உறையுள்ள வைரஸைச் சுற்றியும் கொழுப்புச் சவ்வு, செல்லைச் சுற்றியும் கொழுப்புச் சவ்வு. இரண்டும் நெருங்கினால் தாமாகக் கலந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கலக்காது. சவ்வுகளின் மேல் படிந்திருக்கும் நீர் மூலக்கூறுகளை விலக்க வேண்டும், சவ்வை வளைக்க வேண்டும், அதற்குக் கணிசமான ஆற்றல் தேவை. முதலில் வெளி அடுக்குகள் மட்டும் கலக்கின்றன. பிறகு உள் அடுக்குகளும் கலந்து ஒரு நுண்துளை உண்டாகிறது. அது விரிந்த பிறகே வைரஸின் மரபுப்பொருள் செல்லுக்குள் போகிறது. செல்லைப்போல ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரித்துச் செலவிடும் வசதி வைரஸிடம் கிடையாது. எனவே இந்த ஆற்றல் புரதம் மடிந்திருக்கும் விதத்திலேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இன்ஃபுளுவென்சாவின் ஹீமாக்ளூட்டினின் புரதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மூன்று ஒரே மாதிரியான அலகுகள் சேர்ந்த, சுமார் 13 நானோமீட்டர் நீளமுள்ள முள் அது. அதன் தலைப்பகுதி செல்லின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை மூலக்கூறைப் பற்றுகிறது. உடனே செல் அந்த வைரஸை ஒரு பையாக மடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. எண்டோசோம் எனப்படும் அந்தப் பைக்குள் அமிலத்தன்மை ஏறி, பி.எச். ஏறத்தாழ 5-ஐ நெருங்கும்போது, தலைப்பகுதிகள் விலகுகின்றன. தண்டின் நடுவே புதைந்திருந்த, நீரை வெறுக்கும் ஒரு சிறு துண்டு சுமார் 10 நானோமீட்டர் தூரம் மேலே தூக்கப்பட்டு செல்லின் சவ்வில் குத்திக்கொள்கிறது. இப்போது புரதத்தின் ஒரு முனை வைரஸ் சவ்வில், மறுமுனை செல் சவ்வில். அடுத்து அந்தப் புரதம் தன்மேலேயே மடிகிறது, இரு சவ்வுகளும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கப்படுகின்றன. இயல்பு நிலையிலிருக்கும் இந்தப் புரதத்தின் அமைப்பை வில்சன், ஸ்கீல், வைலி ஆகியோர் 1981-இல் வெளியிட்டார்கள். அமிலத்தில் உருமாறிய பகுதியின் அமைப்பு 1994-இல் வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே புரதம் என்று நம்புவதே கடினம்.

இந்த உருமாற்றம் ஒருமுறைதான் நடக்கும், பெரும்பாலான வைரஸ்களில் பின்வாங்க வழியில்லை. சவ்வு அருகில் இல்லாதபோது உருமாறிவிட்டால் அந்த முள் வீண். படங்களில் இந்த முள்ளை, அதாவது ஸ்பைக் புரதத்தை, அசையாத குமிழாக வரைந்து வரைந்து, இந்த முக்கியமான செய்தியை நாமே மறைத்துவிட்டோம்.

இன்னொன்றையும் விட்டுவிடுகிறோம். இந்தப் புரதங்களில் பல, உருவானவுடன் வேலைக்குத் தயாராக இருப்பதில்லை. நம் உடலின் நொதி ஒன்று குறிப்பிட்ட இடத்தில் வெட்டிய பிறகே அவற்றுக்கு இணைக்கும் திறன் வருகிறது. பறவைக் காய்ச்சல் வைரஸ்களில் இந்த வெட்டிடம் உயிர் போகும் விஷயம். சுவாசப் பாதையிலும் குடலிலும் மட்டுமே உள்ள நொதிகள் வெட்டக்கூடிய வகையென்றால், பறவைகளில் நோய் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் நிற்கும். உடலில் எங்கும் இருக்கும் ஃபியூரின் என்ற நொதி வெட்டக்கூடிய வகையென்றால், உடல் முழுவதும் பரவும்.

நுழைவு வழி ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டதற்கு 2020-இல் உலகம் கொடுத்த விலை சிறியதல்ல. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின், குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களில் கொரோனா வைரஸை நன்றாகத் தடுத்தது. எண்டோசோமின் அமிலத்தன்மையை அந்த மருந்து குறைக்கிறது. வீரோ செல்களில் வைரஸ் நம்பியிருந்தது அந்த அமிலச் சூழலில் வேலை செய்யும் கேதெப்சின் நொதியைத்தான். நுரையீரல் செல்களிலோ டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்-2 என்ற நொதி செல்லின் மேற்பரப்பிலேயே ஸ்பைக்கை வெட்டிவிடுகிறது. எண்டோசோமுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. நுரையீரல் செல்களில் அந்த மருந்து தடுக்கவில்லை என்று ஆய்வகத்திலேயே தெரியவந்தது. பிரிட்டனில் நோயாளிகளிடம் மருந்துகளைச் சோதித்த ரெகவரி என்ற பெரிய ஆய்விலும் மருத்துவமனை நோயாளிகளுக்குப் பலன் கிடைக்கவில்லை. ஒரு மருந்து "வைரஸைத் தடுக்கிறது" என்று படித்தால், எந்தச் செல்லில் என்று தேடிப் பாருங்கள்.

ஏற்பி எப்போதும் செல்லுக்கு வெளியே இருக்கும் என்பதும் சரியல்ல. எபோலா வைரஸ் எண்டோசோமுக்குள் போய், அங்கே அதன் புரதம் வெட்டப்பட்ட பிறகே என்.பி.சி-1 என்ற தன் ஏற்பியைச் சந்திக்கிறது. 2011-இல்தான் இது தெரிந்தது. பற்றுவதும் இணைப்பதும் ஒரே புரதம்தான் என்று எண்ணுவதும் அப்படியே: தட்டம்மையில் இரண்டுக்கும் தனித்தனிப் புரதங்கள், ஹெர்பிஸில் அதைவிடப் பெரிய கூட்டணி. டெங்குவின் புரதமோ முள்ளாக நிற்பதே இல்லை, சவ்வின் மேல் தட்டையாகப் படுத்திருந்து அமிலம் பட்டதும் எழுகிறது. போலியோ, அடினோ, நோரோ போன்றவற்றுக்கு உறையே கிடையாது. அங்கே சவ்வு இணைவு என்று எழுதினால் அது பிழை. அவை செல்லின் சவ்வைத் துளைக்கவோ கிழிக்கவோ செய்கின்றன.

தடுப்பூசி விஷயத்தில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. "ஸ்பைக்குக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது, ஆகவே பாதுகாப்பு இருக்கிறது" என்கிறார்கள். ஸ்பைக்கின் எந்த வடிவத்துக்கு எதிராக? குழந்தைகளின் சுவாசப் பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கு 1960-களில் ஃபார்மலின் என்ற வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்த தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு இயற்கையாகத் தொற்று வந்தபோது, தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்கே நோய் கடுமையானது, இருவர் இறந்தனர். அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, அந்தத் தடுப்பூசியிலிருந்த இணைவுப் புரதம் பெரும்பாலும் உருமாறி முடிந்த வடிவில் இருந்தது. வலுவாகத் தடுக்கும் ஆன்டிபாடிகள் பற்றும் பகுதிகளில் முக்கியமானவை, உருமாறுவதற்கு முந்தைய வடிவில்தான் உள்ளன. அந்த வடிவத்தின் அமைப்பு 2013-இல் தெளிவானது, அதை நிலைப்படுத்திச் செய்த தடுப்பூசிகள் 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஃபைசர், மாடர்னா கொரோனா தடுப்பூசிகளின் ஸ்பைக்கிலும் இரண்டு அமினோ அமிலங்களை, வளையாமல் விறைப்பாக நிற்கும் புரோலின் என்ற அமினோ அமிலமாக மாற்றி, அது முன்கூட்டியே உருமாறாதபடி பிடித்து வைத்திருக்கிறார்கள்.

எனவே பரிசோதனை அறிக்கையில் ஆன்டிபாடி அளவு என்று ஓர் எண் இருந்தால், அது புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியை அளந்ததா, செல்லுக்குள் வைரஸ் நுழைவதைத் தடுக்கும் ஆன்டிபாடியை அளந்ததா என்று பார்க்க வேண்டும். வழக்கமான ஆய்வகங்கள் தருவது பெரும்பாலும் முதல் வகை எண்தான்.