வெளியீட்டு அறிவிப்பைத் தானாகப் போகச் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் சிலர், செம்பனைக் குலைகளின் எடைக்கணக்கைப் பதியும் செயலியைத் திறமூலமாக (நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம் என்ற முறையில்) எழுதி வருகிறார்கள். புதிய பதிப்பு வந்ததும் டெலிகிராம், மாஸ்டடான், புளூஸ்கை ஆகிய மூன்று சமூகத் தளங்களிலும் அறிவிப்பு தானாகப் போக வேண்டும் என்று விரும்புகிறார்கள். நல்ல விருப்பம். ஆனால் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். டோக்கனை (தளத்துக்குள் நுழையும் ரகசியச் சாவியை) நிரலுக்குள் எழுதாதே என்பது போன்ற பாலபாடங்கள் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம்.

நிகழ்வின் வகையைச் சொல்லாமல் விடுவது

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) எந்த நிகழ்வுக்குப் பணி ஓட வேண்டும் என்ற இடத்தில் ‘ரிலீஸ்’ (வெளியீடு) என்று மட்டும் எழுதி, ‘டைப்ஸ்’ வரியை விட்டுவிட்டால், அந்த நிகழ்வின் எல்லா வகைக்கும் பணி ஓடும். வரைவாக வைக்காமல் நேரடியாக வெளியிட்டால், ஒரே அழுத்தலில் ‘கிரியேட்டட்’, ‘பப்ளிஷ்ட்’, ‘ரிலீஸ்ட்’ மூன்றும் கிளம்பும். ஆக மூன்று பதிவு. பிறகு குறிப்பில் ஓர் ஒற்றெழுத்தைத் திருத்தினால் ‘எடிட்டட்’, நாலாவது பதிவு.

போன பதிப்பில் நடந்தது இதுதான். மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவர் நாலும் வேறு வேறு என்று நினைத்து ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். பலர் சேனலின் ஒலியையே நிறுத்திவிட்டார்கள். அடுத்து, எடையைத் தப்பாகக் கூட்டிய பிழையைத் திருத்திய பதிப்பு வந்தது. தெரிய வேண்டியவர்களுக்கு அது தெரியவே இல்லை. இந்தத் தவறை லேசில் விட முடியாததற்குக் காரணம் அதுதான்.

நிலையான பதிப்பை மட்டும் அறிவிக்க ‘ரிலீஸ்ட்’ ஒன்றே போதும். ‘பப்ளிஷ்ட்’ என்று போட்டால் முன்னோட்டப் பதிப்புக்கும் ஓடும். அந்த முன்னோட்டத்தைப் பின்னால் நிலையானதாக மாற்றும்போதோ ஓடாது.

இதோடு முடியவில்லை. மூன்று தளத்துக்கும் ஒரே பணிக்குள் அனுப்பினால், டெலிகிராம் போய் மாஸ்டடான் தோற்கும் நாளில் மறுபடி ஓட்டுவீர்கள். டெலிகிராமில் இரண்டாவது பதிவு விழும். தளத்துக்கு ஒரு பணியாகப் பிரித்து, தோற்றதை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். மாஸ்டடானுக்கு அனுப்பும்போது கோரிக்கையோடு போகும் ‘ஐடெம்பொட்டன்ஸி-கீ’ என்ற தலைப்பு வரியில் பதிப்பு எண்ணைப் போட்டுவிட்டால், சிறிது நேரத்துக்குள் அதே கோரிக்கை திரும்பப் போனாலும் பதிவு இரட்டிக்காது.

புளூஸ்கையில் எழுத்தை எண்ணுவது

புளூஸ்கையில் இணைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நாமே சொல்ல வேண்டும், அதுவும் யூடிஎஃப்-8 (எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறை) பைட் கணக்கில். ஆங்கிலத்தில் எழுத்தும் பைட்டும் ஒன்றாகவே இருப்பதால் சோதனையில் பிழை தெரியாது. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். ‘பு’ என்பதே ப-வும் உகரக் குறியும் சேர்ந்து 6 பைட்.

‘புதிய பதிப்பு’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு இணைப்பு கொடுத்தால், 0-இலிருந்து எண்ணும் கணக்கில் இணைப்பு பைட் 38-இல் தொடங்கும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் நீளம் சொல்லும் ‘லெங்த்’ 14 என்று சொல்லும். 14 என்று அனுப்பினால் அது ‘புதிய’வின் ‘ய’ நடுவில் போய் விழும். அதே மொழியின் ‘டெக்ஸ்ட்என்கோடர்’ கொண்டு பைட்டாக மாற்றிய பிறகே எண்ணுங்கள். 300 என்ற நீள வரம்பு மட்டும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் கணக்கு. அங்கே ‘பு’ ஒன்றுதான்.

வெளியீட்டுக் குறிப்பை ஷெல் வரிக்குள் அப்படியே செருகுவது

குறிப்பில் கட்டளைகளைப் பின்சாய்ந்த மேற்கோளில் (`) எழுதுவது வழக்கம். அந்தக் குறிப்பை இரட்டை மேற்கோளுக்குள் செருகினால், கட்டளைகளை இயக்கும் ஷெல் அதையும் இயக்கிவிடும். குறிப்பைச் சூழல் மாறியில் (environment variable) வைத்து எடுங்கள்.

பணியே வெளியிட்டால்

கிட்ஹப் தானாகத் தரும் டோக்கனால் ஒரு பணி பதிப்பை வெளியிட்டால், அந்த வெளியீடு வேறு பணியைத் தூண்டாது. அறிவிப்புப் பணிகளை அதே ஓட்டத்தின் கடைசியில் வையுங்கள்.

டெலிகிராமின் மார்க்டவுன்வி2

செய்தியை இந்த வடிவமைப்பு முறையில் அனுப்பினால், 2.3.0 போன்ற பதிப்பு எண்ணில் உள்ள புள்ளிகளுக்கு முன்னும் பின்சாய்வு (\) வேண்டும். இல்லாவிட்டால் 400 பிழைதான் (தவறான கோரிக்கை) வரும்.

கிரோன் நேரம்

அறிவிப்பைக் குறித்த நேரத்தில் ஓட்ட கிரோன் வரி எழுதினால், அதன் நேரம் வழக்கமாக யூடிசி (உலகப் பொது நேரம்). மலேசியாவில் காலை 9 வேண்டுமானால் 1 என்று எழுதுங்கள். 9 என்று எழுதினால் இங்கே மாலை 5.