பாக்ஷ்டட்சியோனுக்குப் பொதி எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஜேர்மனியில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு பொதி நிறுவனமான டிஎச்எல்லின் மஞ்சள் பொதிப்பெட்டி, அதாவது நமக்கு வரும் பொதியை வைத்துவிட, நாமே போய் எடுக்கும் பாக்ஷ்டட்சியோன், பெரிய உதவி. ஆனால் அதற்கு அனுப்பிய பொதி கைக்கு வராமல் திரும்பிப் போனால், முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் எழுதிய விலாசத்தைத்தான்.

விலாசத்தில் இரண்டு எண்கள் வரும். ஒன்று உங்களுடைய போஸ்ட்நும்மர். பதிவு செய்யும்போது டிஎச்எல் தருவது. மற்றது பெட்டியின் மூன்று இலக்க எண். இணையக் கடையில் தெருப்பெயர் கேட்கும் இடத்தில் ‘பாக்ஷ்டட்சியோன்’ என்ற சொல்லையும், வீட்டிலக்கம் கேட்கும் இடத்தில் பெட்டியின் எண்ணையும், ‘அட்ரஸ்சூசாட்ஸ்’ என்ற மேலதிக வரியில் போஸ்ட்நும்மரையும் எழுத வேண்டும். போஸ்ட்நும்மர் இல்லாவிட்டால் பொதி யாருடையது, யாருக்கு அறிவிப்பு அனுப்புவது என்று தெரியாது. தபால் குறியீடும் ஊரும் பெட்டி நிற்கும் இடத்துக்குரியவை. உங்கள் வீட்டுக்குரியவை அல்ல. எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுத் தெருவையும் சேர்த்து எழுதாதீர்கள்.

எங்கள் ஆட்களுக்குப் பெயர்தான் பெரிய சிக்கல். கடவுச்சீட்டில் தகப்பன் பெயரோடு நீளமாக இருக்கும். இணையக் கடைக்கு, வீட்டில் கூப்பிடும் பெயரை மட்டும் கொடுத்திருப்போம். பெட்டி நிரம்பியிருந்தாலோ பொதி பெரிதாக இருந்தாலோ அது தபால் கிளைக்குப் போகும். அங்கே அடையாள அட்டை கேட்பார்கள், பெயர் பொருந்தாவிட்டால் தரமாட்டார்கள். ஆகவே கணக்கிலும் கடையிலும் அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். போஸ்ட்நும்மர் ஒருவருக்கே உரியது. மனைவி பெயரில் வரும் பொதிக்குக் கணவனின் எண்ணைப் போடக்கூடாது.

கணக்குத் திறக்கும்போது கைபேசியை உறுதிப்படுத்தும் கடிதம் வீட்டுக்கு வரும். வாடகை அறையில் இருப்பவர்கள் தபால்பெட்டியில் தங்கள் பெயரை ஒட்டாமல் விட்டால் அந்தக் கடிதம் சேராது. வீடு மாறியவர்கள் முதலில் கணக்கில் விலாசத்தை மாற்றுங்கள்.

ஹெர்மஸ், டிபிடி, ஜிஎல்எஸ் போன்ற மற்றப் பொதி நிறுவனங்கள் இந்தப் பெட்டியில் பொதி வைக்க முடியாது. கடை எந்த நிறுவனத்தால் அனுப்புகிறது என்று பார்த்த பிறகே இந்த விலாசத்தைக் கொடுங்கள். 75 × 60 × 40 சென்ரிமீற்றரைத் தாண்டிய பொருளும், பொதி வாங்கும்போது பணம் கட்ட வேண்டியதும் பெட்டிக்கு வராது. சாதாரண கடிதமும் அப்படித்தான். கடிதத்துக்கு வேண்டியது போஸ்ட்ஃபாக் எனப்படும் தபால் நிலையப் பெட்டி; அதற்குத் தனித் தபால் குறியீடு உண்டு, வீட்டுக் குறியீட்டைப் போட்டால் தாமதமாகும்.

திரையில்லாத புதிய பெட்டிகள் கைபேசியில் டிஎச்எல் செயலியும் புளூடூத்தும் இருந்தால்தான் திறக்கும். கைபேசியில் மின்னேற்றம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அறிவிப்பில் உள்ள பெட்டி எண்ணையும் வாசியுங்கள். இடமில்லாதபோது, கிளைக்கு அனுப்பாமல் சிலவேளை வேறு பெட்டியில் வைத்திருப்பார்கள். 7 நாளுக்குள் எடுக்காவிட்டால் பொதி அனுப்பியவரிடமே போய்விடும். ஊருக்குப் போகுமுன் இதை நினைத்து ஓடர் பண்ணுங்கள்.

சுங்கப் பணம் கட்டச் சொல்லி குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை அழுத்தவே வேண்டாம். அங்கே கொடுக்கும் கடவுச்சொல் களவு போனால், உங்கள் பெயரில் மற்றவர்கள் பொருள் வாங்கி எடுத்துப் போக வழி திறந்துவிடும். சந்தேகமிருந்தால் செயலியை நீங்களே திறந்து, பொதி உண்மையில் வருகிறதா என்று பாருங்கள்.