டர்பன் சாட்ஸ்வொர்த் பழைய வீடு: செலவும் கரியமில வாயுவும் குறையப் புதுப்பிக்கும் முறை
தென்னாப்பிரிக்க மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் பிறக்கிறது. யூனிட்டுக்குச் சுமார் 1 கிலோ கரியமில வாயு. ஆகவே முதல் பணம் டைல்ஸுக்கு அல்ல, மின்சாரத்தை அதிகம் இழுக்கும் கீசருக்கு.

150 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடாக்க ஏறக்குறைய 7 யூனிட் வேண்டும். காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து நீருக்குத் தரும் ஹீட் பம்ப் அதைச் சுமார் இரண்டரை யூனிட்டில் முடிக்கும். அதற்குப் பணம் சேரும்வரை கீசருக்குப் போர்வை சுற்றுங்கள், வெந்நீர்க் குழாய்க்கு நுரை உறை போடுங்கள். தெர்மோஸ்டாட் 60-லேயே இருக்கட்டும். அதிகம் இறக்கினால் நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி வளரும்.

அடுத்து சீலிங். அதன் மேல் 135 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடிப் பஞ்சை அமுக்காமல் விரியுங்கள். வெப்பத்தைத் தடுப்பது அதற்குள் சிக்கிய காற்றுதான், அமுக்கினால் அது போய்விடும். சீலிங்கில் பதித்த குழிவிளக்குகளைச் சுற்றி இடைவெளி விடாவிட்டால் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

கூரைத் தகடு பழையதா? முதலில் ஆஸ்பெஸ்டாஸா என்று சோதியுங்கள். துளைக்கவோ, அறுக்கவோ, தேய்த்துக் கழுவவோ கூடாது. தூசி நுரையீரலுக்கு நஞ்சு. அகற்றுவது பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர் வேலை. அதன் பிறகே சோலார். மின்தேவை குறைந்திருப்பதால் பலகைகளும் குறைவாகப் போதும்.

நல்ல சுவரை இடிக்காதீர்கள். புதுச் செங்கல்லும் சிமெண்டும் சூளையிலேயே கரியமில வாயுவைக் கக்கிவிட்டுத்தான் வருகின்றன.