டொமைன் வாங்கப் போகிறீர்களா? இரண்டாம் ஆண்டு விலையைப் பாருங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கும் அக்கா ஒருவர், தீபாவளி வியாபாரத்துக்காக ஒரு டொமைன், அதாவது இணையத்தள முகவரிப் பெயர், வாங்கினார். மறுவாரமே கைப்பேசி ஓயவில்லை. “மேடம், இணையத்தளம் வடிவமைத்துத் தரட்டுமா?” மாவுக் கையோடு எத்தனை முறைதான் எடுப்பது? பதிவு விவரங்களை மறைக்கும் வசதியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. பெயர், வீட்டு முகவரி, எண் எல்லாம் பொதுப் பதிவேட்டில் திறந்து கிடந்தன.

இந்த வசதிக்குப் பணம் கொடுக்காதீர்கள். நேம்சீப், போர்க்பன் போன்ற டொமைன் விற்கும் நிறுவனங்கள் இலவசமாகவே தருகின்றன. தனிக் கட்டணம் கேட்டால் வேறு கடை பாருங்கள். டாட் யூஎஸ் (.us) என்று முடிவது போன்ற சில முகவரிகளுக்கு இந்த மறைப்பே கிடையாது.

அடுத்தது விலை. ஒரு ரோத்தி சானாய் காசுக்கு டொமைன் என்று விளம்பரம் வரும். அது முதல் ஆண்டுக்கு மட்டுமே. புதுப்பிக்கும்போது பல மடங்கு கேட்பார்கள். அந்தத் தொகை பொடி எழுத்தில் எங்கோ ஒளிந்திருக்கும். தேடிப் படியுங்கள், டாலரை ரிங்கிட்டாக்கியும் பாருங்கள். பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம், ஆனால் டாட் காம் போன்றவற்றை வாங்கிய முதல் 60 நாட்களுக்குப் பொதுவாக மாற்ற முடியாது.

மறைப்புதான் இருக்கிறதே என்று பொய் விவரம் கொடுத்துவிடாதீர்கள். விவரங்களை உறுதிப்படுத்தச் சொல்லி வரும் மின்னஞ்சலுக்கு 15 நாட்களுக்குள் பதில் செய்யாவிட்டால் டொமைன் முடக்கப்படலாம். அக்காவுக்கு வந்தது குப்பை அஞ்சலில் கிடந்தது. பதினான்காம் நாள் கண்டுபிடித்தோம்.